ஒட்டுப் புளியா, விதைப் புளியா?

மானாவாரி நிலத்தில் புளி வைக்க நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: பெரியகுளம் 1 ரக ஒட்டுக்கன்றா, கொட்டையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றா? நாங்கள் ஒட்டுக்குத்தான் போனோம். கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறோம்.

தெரிந்த சங்கதிகள் முதலில். விதைக்கன்று காய்ப்புக்கு வர 8 முதல் 10 ஆண்டு ஆகும். ஒட்டு 4ஆம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். புளியில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம். எவ்வளவு நல்ல மரத்துக் கொட்டையைப் போட்டாலும் தாய் மரத்துக் காய் கிடைக்கும் என்று நம்ப முடியாது. பெரியகுளம் 1 எண்டப்புளி ஊர் மரத்திலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். ஒட்டில் அந்தக் குணம் மாறாமல் வரும்.

உண்மையில் கணக்கைத் தீர்மானிப்பது அறுவடைக் கூலி. நாட்டு மரம் 60 அடிக்கு மேல் போகும். ஏறி உலுக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தாலும் கூலி அதிகம், விழுந்தால் உயிருக்கே ஆபத்து. உயரத்திலிருந்து விழும் பழத்தின் ஓடு நொறுங்கி, சுளையில் மண் ஒட்டும். அதைச் சுத்தம் செய்ய இன்னொரு கூலி, அப்படியும் விலை குறையும். ஆள் வரவில்லையே என்று மரத்திலேயே விட்டால் வண்டு துளைக்கும், மழை பட்டால் சுளை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒட்டு மரத்தைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தானாகத் தாழ்வாக நிற்காது. கன்று 4 அடி வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலு பக்கமும் நாலு கிளை விடவேண்டும். பிறகு ஆண்டுதோறும் அறுவடை முடிந்த கையோடு, ஏப்ரலுக்குள், நேராக மேலே போகும் கிளைகளைக் கழிக்க வேண்டும். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் பூவெடுத்த பிறகு வெட்டினால் அந்த ஆண்டுக் காய் போச்சு. இப்படி வைத்தால் தரையில் நின்று தொரட்டியால் பறித்துவிடலாம்; கீழே தார்ப்பாய் விரித்தால் மண்ணும் ஒட்டாது.

நடவு: 33 அடி இடைவெளி, ஏக்கருக்கு 40 கன்று. 3 அடி நீள அகல ஆழக் குழியில் மேல்மண்ணோடு 15 கிலோ தொழு உரம். ஒட்டுக்கட்டு, அதாவது ஒட்டுச் சேர்ந்த இடம், மண்ணுக்கு அரையடி மேலே இருக்கட்டும். ஒட்டு நன்றாகச் சேர்ந்ததும் அதில் சுற்றிய நாடாவை அவிழ்க்காவிட்டால் தண்டு இறுகி, காற்றில் அங்கேயே முறியும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். விட்டால் அடிச்செடி (ஒட்டைத் தாங்கும் விதைக்கன்று) மேலோங்கி ஒட்டுக்கிளை காய்ந்துவிடும். தோட்டத்தில் நிற்பது பழையபடி விதை மரமாகிவிடும்.

விதைக் கன்றுக்கும் இடம் உண்டு. வேலியோரம், சாலையோரம், நிழலுக்கு, மரக்கட்டைக்கு என்றால் அதுதான் சரி. இறைச்சிக் கடை வெட்டுக்கட்டைக்குப் புளிய மரத்தைத் தேடி வருவார்கள். நூறாண்டு தாண்டிய நாட்டு மரங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. ஒட்டுத் தோப்புகளுக்கு அந்த வயது ஆகாததால் ஆயுளில் இரண்டையும் இப்போதே ஒப்பிட முடியாது.

தண்ணீர் மிகக் குறைந்த இடமென்றால் ஒரு நடுவழி: குழியிலேயே கொட்டையை ஊன்றி முளைக்க விடுங்கள். பையில் சுருளாத ஆணிவேர் நேராக இறங்கும். தண்டு பென்சில் பருமன் தாண்டியதும் நின்ற இடத்திலேயே ஒட்டுக் கட்டலாம். காய்ப்பு ஓரிரு ஆண்டு தள்ளிப்போகும். வறட்சியில் கன்று சாவது குறையும்.