ஒயிட், பிங்க், பிரவுன் நாய்ஸ்: எந்தத் தொந்தரவுக்கு எது?

தூங்கும்போதும் படிக்கும்போதும் ஓடவிடும் பின்னணி இரைச்சல்களில் பிங்க் நாய்ஸுக்குத்தான் முதலிடம் தருவேன். ஆனால் ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் மூன்றையும் கேட்டு யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதில் பிரவுன் நாய்ஸ் பிரவுன் நாய்ஸாகவே வெளியே வருவதில்லை.

ஒயிட் நாய்ஸில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) ஒரே ஆற்றல். 20,000 ஹெர்ட்ஸ் வரை கணக்கிட்டால் மொத்த ஆற்றலில் பாதி 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அதனால்தான் காதில் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்று விழுகிறது. பிங்க், ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 3 டெசிபல் வீதம் இறங்குவதால் ஒவ்வொரு ஆக்டேவிலும் சம ஆற்றல் நிற்கிறது. தள்ளி நின்று கேட்கும் அருவி போல இருக்கும். பிரவுன் 6 டெசிபல் வீதம் இறங்குகிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து கணக்கிட்டால் அதன் ஆற்றலில் சுமார் 90 சதவீதம் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அடங்கிவிடும். ஃபோன் ஸ்பீக்கர் தடுமாறுவது சரியாக அந்தப் பகுதியில்தான். மிச்சம் கேட்பது மெலிந்த ஒரு சலசலப்பு. போதவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் கரகரக்கும்.

எதை மறைக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து அறைப் பேச்சு என்றால் ஒயிட் நாய்ஸ் நன்றாக வேலை செய்யும். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது; அவை மூழ்கிவிட்டால் குரல் கேட்டாலும் என்ன பேசுகிறார்கள் என்று புரியாது, கவனமும் அங்கே போகாது. குறை, நேரம் ஆக ஆக அந்தச் சீறல் காதைச் சலிக்க வைப்பது. ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே 6 டெசிபல் குறைத்தால் சீறல் தணியும், மறைக்கும் திறன் பெரிதாகக் குறையாது. வண்டிப் போக்குவரத்தின் உறுமல், கம்ப்ரசர் அதிர்வு போன்றவற்றுக்குப் பிரவுன்தான் சரி. பேச்சுக்கு அது உதவாது. காதை முழுக்க மூடும் ஹெட்போனோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ அதற்குக் கட்டாயம் வேண்டும். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு வகைத் தொந்தரவும் கலந்து வந்தால், பெரும்பாலும் அப்படித்தான் வரும், பிங்க்.

நீலமும் ஊதாவும் அதிர்வெண் மேலே போகப் போக ஆற்றல் ஏறும் இரைச்சல்கள். படுக்கை அறைக்கு ஆகாது. கிரே நாய்ஸ் காதின் உணர்திறனுக்கு ஏற்பச் சரிக்கட்டியது. அந்த உணர்திறன் வால்யூமைப் பொறுத்து மாறுவதால் ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டுமே அது சரியாக அமையும். கிரீன் நாய்ஸுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறையே கிடையாது. ஆப்புக்கு ஆப்பு வேறு ஒலி வரும்.

ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஃபைலில் ஒரே அளவு இருந்தாலும் பிரவுன் காதுக்கு மிக மெல்லியதாகவே கேட்கும். தலை இருக்கும் இடத்தில் சவுண்ட் மீட்டரை, காதின் உணர்திறனுக்கு ஏற்ப அளக்கும் 'ஏ' வெயிட்டிங்கில் வைத்து மூன்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்பதுதான் நியாயமான சோதனை.

ஃபைலின் தரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சில நொடி லூப்பாக இருந்தால் அதில் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைக் காது பிடித்துவிடும். எம்பி3 ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் என்கோடர் சேர்க்கும் சிறு மௌனம் லூப்பில் இடைவெளியாக விழும். குறைந்த பிட்ரேட்டில், அதாவது ஃபைலை அதிகமாகச் சுருக்கினால், ஒயிட் நாய்ஸ் தண்ணீருக்குள் கேட்பது போல் குழையும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளின் 'ஜெனரேட்' மெனுவில் 'நாய்ஸ்' எடுத்து 10 நிமிட மோனோ வேவ் ஃபைலாகச் செய்துகொள்ளலாம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் அது சுமார் 53 எம்பி வரும். ஒயிட் என்றால் லூப்பின் ஒட்டு, அதாவது முடிவும் தொடக்கமும் சேரும் இடம், கேட்காது. பிரவுனில் 'டப்' என்று கேட்கும், ஏனென்றால் அதில் அடுத்தடுத்த மதிப்புகள் ஒன்றையொன்று ஒட்டியே நகர்பவை. ஒட்டில் திடீரென்று தாவல் வருகிறது. கடைசி 5 நொடியை முதல் 5 நொடியோடு கிராஸ்ஃபேட் செய்தால், அதாவது ஒன்று மெல்ல அடங்க மற்றது மெல்ல எழும்படி கலந்தால், தீர்ந்தது. இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு, ஐஃபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ஆக்சசிபிலிட்டி அமைப்பிலேயே பேலன்ஸ்டு, பிரைட், டார்க் என மூன்று இரைச்சல்கள் இருக்கின்றன. விளம்பரம் குறுக்கிடாது.

ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைக்காமல், தொந்தரவு வரும் ஜன்னல் அல்லது கதவுப் பக்கம் வையுங்கள். மிகக் குறைவாகத் தொடங்கி, பேச்சு புரியாமல் போகும் இடத்தில் வால்யூமை நிறுத்துங்கள். கதவு அறைவது, நாய் குரைப்பது போன்ற திடீர் சத்தங்களை எந்த நிறமும் முழுசாக மறைக்காது. அதற்காகக் கூட்டிக்கொண்டே போவது காதுக்குத்தான் கேடு. கைக்குழந்தை அறையில் இன்னும் கவனம் தேவை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் சோதித்த 14 குழந்தைத் தூக்கக் கருவிகளும் முழு வால்யூமில் 30 செ.மீ. தூரத்தில் 50 டெசிபலைத் தாண்டின; மூன்று 85-ஐயும் தாண்டின. கருவி தொட்டிலிலிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், வால்யூம் கீழ்நிலையில் இருக்கட்டும், குழந்தை தூங்கியதும் டைமரில் அணையட்டும்.