ஐயாவைக் கூட்டிட்டு பேப்பர் பிரஸ் பார்க்கப் போனோம்: 5க்கு 4 குடுக்கலாம்

பேப்பர் அச்சடிக்கிறதை உள்ள விட்டுக் காட்டுறாங்கன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி, போன வாரம் குடும்பத்தோட காரைக்குடில இருந்து திருப்பத்தூர், மேலூர் வழியா மதுரைக்குக் கிளம்பினோம். பேப்பர் பேரு வேணாம், கொஞ்சம் குறையும் சொல்லப் போறேன். எங்க ஐயாவுக்கு 80 தாண்டிருச்சு, அந்தக் காலத்துல காரைக்குடில ஒரு பிரஸ்ல ஈய எழுத்தைக் கையால பொறுக்கி அச்சுக் கோர்த்தவரு, ட்ரெடில் மிஷின்ல அவர் கோர்த்த கல்யாணப் பத்திரிகையே எத்தனையோ இருக்கும், அவருக்காகத்தான் இந்த ட்ரிப்பே.

குறையை முதல்ல சொல்லிடறேன். ராத்திரி 9 மணிக்கு வரச் சொல்லிட்டு மிஷின் ஓடினது 11க்கு. உக்கார நாலே நாலு பிளாஸ்டிக் சேர், அதுல ஒண்ணு கால் ஒடிஞ்சது. கட்டிட்டுப் போன வெள்ளைப் பணியாரம் இல்லேன்னா புள்ளைங்க எங்களைத் தின்னுருக்கும்.

ஆனா பிளேட் ரூம்ல ஒண்ணு நடந்துச்சு பாருங்க. மெல்லிசான அலுமினியத் தகடு, ஒரு பக்கம் முழுசும் அதுல ஏறிருக்கு. ஐயா கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு பார்த்தவரு, "எழுத்து நேரா இருக்கே, அச்சுல எப்படிப்பா விழும்?"னு கேட்டாரு. அவர் கோர்த்ததெல்லாம் தலைகீழா, கண்ணாடில பார்க்கிற மாதிரி இருக்கும்ல. அங்க இருந்த அண்ணன் சிரிச்சுட்டு, தகடு பேப்பரைத் தொடவே தொடாது ஐயா, நடுவுல ஒரு ரப்பர் உருளை இருக்கு, தகட்டுல நேரா, ரப்பர்ல திரும்பி, பேப்பர்ல மறுபடி நேராயிரும்னாரு. எழுத்து இல்லாத இடத்துல தண்ணி ஒட்டுமாம், அதனால அங்க மசி ஒட்டாதாம். ஐயா தகட்டைத் தடவிப் பார்க்குறாரு, மேடு பள்ளமே இல்ல. "மேடே இல்லாம அச்சா"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

அப்புறம் மிஷின் கிளம்புச்சு. தரையே அதிருது, பேசினா காது கேக்காது, சின்னவன் அழுதுட்டான் (காதுல வைக்கப் பஞ்சு எடுத்துட்டுப் போங்க). முதல்ல வந்த காப்பில நகைக்கடை விளம்பரத்துப் பொண்ணுக்கு ரெண்டு மூக்கு. நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு கலருக்கும் தனித்தனித் தகடு, நாலும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரணும், உக்காராட்டி இப்படித்தான். பேப்பர் ஓரத்துல குட்டியா கலர் புள்ளி இருக்கும் பாருங்க, அதை வச்சுத்தான் சரி பண்றாங்களாம். மூக்கு ஒண்ணாகுற வரைக்கும் வந்ததெல்லாம் வேஸ்ட், அதுல ஒண்ணைப் பெரியவ கேட்டு வாங்கிக்கிட்டா.

இன்னொண்ணு. ராத்திரி மேட்ச் ரிசல்ட் எங்க ஊர் பேப்பர்ல வராது, ஐயா பேப்பர் போடுற பையனைத்தான் வருஷக்கணக்கா திட்டிட்டு இருந்தாரு. தூரத்து ஊருக்குப் போற பதிப்பை முதல்ல அடிச்சு வேன்ல ஏத்திடறாங்க, மதுரை டவுனுக்கு கடைசியா. நாங்க பார்த்துட்டு இருக்கும்போதே காரைக்குடி கட்டு வேனுக்குப் போகுது, என் போன்ல மேட்ச் இன்னும் ரெண்டு ஓவர் பாக்கி.

வெள்ளை வேட்டி கட்டிட்டு மட்டும் போயிடாதீங்க, ஐயாவோட வேட்டில ஒட்டின மசி ரெண்டு தடவை துவைச்சும் போகல.