காணொளியை நீக்கித் தருகிறோம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொலைபேசி திருத்தும் கடையொன்றின் மேல்மாடியில் ஒரு தொழில் நடக்கிறது. யூடியூப், பேஸ்புக், டிக்டொக் எதிலாவது உங்களைப் பற்றி அசிங்கமாக ஏதாவது வந்திருந்தால் அதை நீக்கித் தருவார்களாம். கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பொலிஸ் முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. அதோடு, பெயர் மாற்ற அவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் படத்தை மாற்றும் நேரம் போதும். அவர்கள் ஏமாற்றும் விதம்தான் தெரிந்திருக்க வேண்டியது. எனது தங்கையிடம் 40,000 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அவளைத் திட்டிக் காணொளி போட்டவனிடமே அவளுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதை விட முடியாது.

தங்கை வீட்டிலிருந்து சாரி பிளவுஸ் தைப்பவள். ஒரு கல்யாண வீட்டுத் தையலில் தகராறு வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை இங்கே இழுக்கவில்லை. அந்த வீட்டுப் பையன் ஒருவன் யூடியூபில் ஊர்வம்பு பேசும் பக்கம் நடத்துகிறான். அதில் அவளுடைய பேஸ்புக் படத்தைப் போட்டு, ‘திருடி’யில் தொடங்கி எழுதக் கூசும் சொற்களில் முடித்தான். அவளது தொலைபேசி இலக்கத்தைத் திரை நிறையப் போட்டு, “எல்லோரும் கூப்பிட்டுக் கேளுங்கள்” என்றும் சொன்னான். கேட்டார்கள். நள்ளிரவிலும் கேட்டார்கள். தொலைபேசியை நிறுத்தினால் தையலுக்கு வருபவர்கள் தொடர்புகொள்ள முடியாது. நிறுத்தாவிட்டால் அவளால் தூங்க முடியாது.

அந்த நிலையில்தான் யாரோ சொல்லி அந்த மேல்மாடிக்குப் போனாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பையனுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. “பயப்படாதீர்கள் அக்கா, எங்களிடம் ஐந்நூறு கணக்குகள் இருக்கின்றன. எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் முறைப்பாடு போனால் யூடியூப் தானாகவே தூக்கிவிடும். கூகுளிலும் எங்களுக்கு ஆள் இருக்கிறது.” முற்பணம் 15,000 ரூபாய், மீதி காணொளி போன பிறகு. பற்றுச்சீட்டு கிடையாது. பணம் போன வங்கிக் கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, “உங்கள் பெயரில்தான் போட வேண்டும்” என்று சொல்லி அவளுடைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்நூறு கணக்குக் கதை முழுப் பொய். எத்தனை பேர் முறைப்பாடு செய்தார்கள் என்பதை வைத்து யூடியூப் எதையும் நீக்குவதில்லை. காணொளி அவர்களுடைய சமூக வழிகாட்டு விதிகளை மீறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். விதியை மீறாததை ஆயிரம் பேர் சேர்ந்து முறையிட்டாலும் அசைக்க முடியாது. மீறுவதற்கு ஒரே ஒருவரின் முறைப்பாடு போதும். அந்த முறைப்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. செய்தது யார் என்று காணொளி போட்டவருக்குத் தெரிவிக்கவும் மாட்டார்கள்.

சில நாட்களில், “வேலை முடிந்தது, கடைக்கு வாருங்கள்” என்று செய்தி வந்தது. தங்கையின் கைத்தொலைபேசியை வாங்கி எதையோ தட்டிவிட்டு, காணொளியின் இணைப்பைத் திறந்து காட்டினார்கள். காணொளி கிடைக்கவில்லை என்று வந்தது. அவள் அங்கேயே அழுதுவிட்டாள் என்று பின்னர் சொன்னாள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியையும் அந்த இடத்திலேயே கொடுத்திருக்கிறாள். அன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி அழைத்து, “அந்தக் காணொளி இன்னும் ஓடுகிறதே பிள்ளை” என்றார்.

நான் தங்கையின் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். அதில் காணொளி இல்லைதான். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. அவள் வழக்கமாகப் பார்க்கும் சமையல் காணொளி ஒன்றைத் திறந்தேன்; கத்தரிக்காய்ப் பால்கறி. அதன் கீழே எப்போதும் நூற்றுக்கணக்கில் கருத்துகள் இருக்கும். ஒன்றுகூட இல்லை. இன்னொரு காணொளி, அதிலும் இல்லை. அமைப்புகளுக்குள் போனபோது விஷயம் வெளித்தது. ‘கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை’ என்று யூடியூபில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பாடசாலைகளும் பெற்றோரும் பயன்படுத்துவது. அதைப் போட்டுவிட்டால் வயது வந்தவர்களுக்கானது என்று படுகிற காணொளிகள் அந்தச் சாதனத்தில் மட்டும் மறையும். எல்லாக் காணொளிகளின் கருத்துகளும் மறைந்துவிடும். அதைத்தான் தட்டியிருக்கிறார்கள். உலகம் முழுக்க அந்தக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்தியின் கண்ணிலிருந்து மட்டும் மறைத்துவிட்டு அதற்குக் காசு வாங்கினார்கள். யாராவது உங்களுக்கு இப்படி ‘நீக்கிக் காட்டினால்’, வேறொருவரின் தொலைபேசியில், உங்கள் கணக்கு இல்லாமல், இணைப்பைத் திறந்து பாருங்கள். கடையில் அவர்கள் காட்டும் திரையையோ அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டையோ நம்ப வேண்டாம்.

மறுநாள் இருவரும் போய்ச் சத்தம் போட்டோம். பையன் கொஞ்சமும் கலங்கவில்லை. “சிஸ்டத்தில் சிறிய பிழை அக்கா, இந்த முறை வேறு வழியில் போடுகிறோம்” என்றான். இந்த முறை காணொளி உண்மையாகவே மறைந்தது. சித்தியின் தொலைபேசியிலும் இல்லை, கனடாவில் இருக்கும் மச்சாளின் கணினியிலும் இல்லை. மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு காணொளி திரும்பி வந்தது. கூடவே இரண்டாவது காணொளியும் வந்தது. அதில் யூடியூப் பக்கம் நடத்தும் அந்தக் கல்யாண வீட்டுப் பையன் தங்கையின் முழுப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் திரையில் காட்டி, “கள்ள முறைப்பாடு கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறாள்” என்று முழங்கிக்கொண்டிருந்தான். இந்த ஒரு விடயத்தில் அவன் சொன்னது பொய்யும் இல்லை.

கடைக்காரர்கள் செய்தது இதுதான். தங்கையின் கணக்குக்குள் நுழைந்து, அந்தக் காணொளி அவளுடைய சொந்தப் படைப்பு என்று பதிப்புரிமை முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998 இல் வந்த சட்டம் ஒன்றின்படி, இப்படிப்பட்ட முறைப்பாடு ஒழுங்காக வந்தால் தளம் காணொளியை இறக்கிவிடும், வேகமாகவும் இறக்கும். ஆனால் அந்தப் படிவத்தில், எழுதியது உண்மை, பொய்யானால் சட்டப் பொறுப்பை ஏற்கிறேன் என்ற உறுதிமொழி இருக்கிறது. அதற்குக் கீழே கையொப்பமாகத் தட்டச்சிடுவது முழுப் பெயரை. முறைப்பாட்டாளரின் பெயரும் தொடர்பு விவரமும் மற்றப் பக்கத்துக்குத் தெரியவரும். காணொளி போட்டவர், அந்த முறைப்பாடு தவறு என்று எதிர் அறிவித்தல் கொடுத்தால், நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை 10 வேலை நாட்களுக்குள் முறைப்பாட்டாளர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காணொளி மீண்டும் ஏறிவிடும். அந்த அறிவித்தல் தங்கையின் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. திறந்து படித்துவிட்டு, அவள் கண்ணில் படாதபடி காப்பகத்துக்குள் தள்ளியிருக்கிறார்கள். இறங்கும் நாளுக்கும் ஏறும் நாளுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் இவர்கள் மீதிப் பணத்தை வசூலிக்கிறார்கள். தொழிலே அந்த இடைவெளிதான்.

திட்டித் தீர்க்கும் காணொளிக்குப் பதிப்புரிமை சரியான வழியே அல்ல. நீங்கள் எடுத்த படத்தையோ ஒளிப்பதிவையோ அவர் களவெடுத்துப் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே அது பொருந்தும். ஸ்டூடியோக்காரர் எடுத்த உங்கள் படத்தில் உங்கள் முகம் இருப்பதாலேயே பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது.

கணக்கைத் திரும்பக் கைக்குள் கொண்டுவந்ததே தனிப் பாடு. கடவுச்சொல்லை மாற்றினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மீட்புத் தொலைபேசி இலக்கமாகக் கடைக்காரர்களின் இலக்கம் ஒன்று உள்ளே இருந்தது. அதை நீக்கி, உள்நுழைந்திருந்த மற்றச் சாதனங்கள் எல்லாவற்றையும் வெளியேற்றி, இரு படிச் சரிபார்ப்பைப் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

இனி, நாங்களே செய்தது. முதலில் ஆதாரம். முறைப்பாடு செய்வதற்கு முன்னரே காணொளியின் இணைப்பு, அந்தப் பக்கத்தின் இணைப்பு, திகதி தெரியும் ஸ்கிரீன்ஷொட், முடிந்தால் காணொளியின் பிரதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கியபின் பொலிஸில் காட்ட ஒன்றும் இருக்காது. பக்கத்தின் பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள், ஆகவே இணைப்பு அவசியம்.

யூடியூபில் இரண்டு வாசல்கள் உள்ளன, இரண்டும் வேறு. ஒன்று, காணொளியோடு இருக்கும் முறைப்பாட்டுப் பொத்தான். அதில் காரணம் கேட்கும்போது பலர் கையில் பட்டதைத் தட்டிவிடுகிறார்கள். தங்கையும் முதல் இரவில் பொய்த் தகவல் என்றே தட்டியிருந்தாள். ஒருவரை இழிவுபடுத்தி, அவருடைய தனிப்பட்ட விவரத்தை வெளியிட்டு, அவரைத் தொல்லைப்படுத்தத் தூண்டுவது துன்புறுத்தல் என்ற பிரிவில் வரும். எந்த நிமிடத்தில் அது நடக்கிறது என்றும் குறிப்பிடலாம், குறிப்பிடுங்கள். காணொளிக்குக் கீழே வரும் அசிங்கமான கருத்துகளைத் தனித்தனியாக முறையிட வேண்டும். செய்த முறைப்பாடு என்ன ஆனது என்பதை உங்கள் கணக்கின் முறைப்பாட்டு வரலாற்றில் பார்க்கலாம்.

மற்ற வாசல், அந்தரங்க மீறல் முறைப்பாடு. முகம், குரல், முழுப் பெயர், தொலைபேசி இலக்கம் போன்ற, உங்களைத் தனியாக அடையாளம் காட்டும் விடயங்களுக்கானது. பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும்; சிறுவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. வழக்கமாகக் காணொளி போட்டவருக்குத் திருத்திக்கொள்ள 48 மணி நேரம் கொடுத்துவிட்டு அதன் பிறகு தளம் பார்க்கும். இதில் ஒரு குறை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியோ மங்கலாக்கியோ தப்பிவிடலாம். எங்களுக்கு அதுதான் நடந்தது. முதற் காணொளியில் இலக்கம் மறைந்தது, திட்டு அப்படியே கிடக்கிறது. இரண்டாவது காணொளி துன்புறுத்தல் பிரிவில் முழுவதுமாக நீக்கப்பட்டது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நள்ளிரவு அழைப்புகள் நின்றுவிட்டன. ஐந்து சதமும் செலவில்லை.

அந்த மேல்மாடியில் என் காதில் விழுந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவரிடம், “அந்தரங்கப் படம் என்றால் கட்டணம் வேறு, படத்தை எங்களுக்கு அனுப்புங்கள், தேடிப் பிடிக்கிறோம்” என்றான் அந்தப் பையன். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். நாளை அதை வைத்தே உங்களை மிரட்டுவார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்ற இலவசச் சேவை 2021 முதல் இருக்கிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது; அதிலிருந்து உருவாக்கப்படும் ஓர் எண்ம அடையாளம் மட்டுமே பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவை அந்தப் படத்தை இனங்கண்டு தடுக்கும். சிறுவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

பொலிஸ் பக்கம் இரண்டு முறைப்பாடுகளாகக் கொடுத்தோம்: திட்டியவன் மீது ஒன்று, கடை மீது ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். அனுமதியில்லாமல் கணினிக்குள்ளும் கணக்குக்குள்ளும் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தில் குற்றம். கடவுச்சொல்லை நாமே கொடுத்தோம் என்று அவர்கள் வாதாடுவார்கள். அதனால் ஏமாற்றிப் பணம் பெற்றதையும், அவள் பெயரில் பொய் உறுதிமொழி கொடுத்ததையும் முன்னால் வைத்தோம். அந்தரங்கத் தகவலை வெளியிட்டு ஒருவரைத் தொல்லைப்படுத்துவது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் வருகிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சுதந்திரத்துக்காகப் பேசுபவர்கள் சொல்லும் குறைகளில் எனக்கும் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் இலக்கத்தைத் திரையில் போடுவது எந்தச் சுதந்திரத்திலும் சேராது. தொழில்நுட்ப ஆலோசனை தேவைப்பட்டால், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பம் வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடைக்காரர்கள் இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. படிக்கட்டில் ஒட்டியிருந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், மேல்மாடி விளக்கு மட்டும் மாலையில் எரிவதாக அயலவர்கள் சொல்கிறார்கள். இதே இடத்தில் பணம் கொடுத்தவர்கள் இதைப் படித்தால், பற்றுச்சீட்டு இல்லையே என்று ஒதுங்காதீர்கள். வங்கிச் செயலியில் பணம் போன விவரமும் அவர்களோடு பேசிய வட்ஸ்அப் உரையாடலும் இருந்தால் போதும், எடுத்துக்கொண்டு போய் உங்கள் பங்குக்கு ஒரு முறைப்பாடு கொடுங்கள். ஒருத்தியின் 40,000 ரூபாய்க்காக அசையாத கோப்பு, நாலைந்து பேர் சேர்ந்தால் அசையும்.