ஒரே சாஷே, இரண்டு பூனைகள்: கிரீமி ட்ரீட் மதிப்புரை

சேலத்தில் பூனை உணவு விற்கும் கடைகளில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கவிடப்பட்டிருக்கும் கிரீமி ட்ரீட் சாஷேக்களைப் பற்றியதே இந்த மதிப்புரை. விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் உறையில் 14 அல்லது 15 கிராம் அளவுக்குக் கோழி அல்லது சூரை மீன் கூழ் இருக்கும். முனையைக் கிழித்துப் பிதுக்கினால் பூனை அப்படியே நக்கித் தின்னும். ஜப்பானின் இனாபா நிறுவனம் 'சுரு' என்ற பெயரில் பிரபலமாக்கிய இந்த வகையைப் பின்பற்றித் தாய்லாந்து நிறுவனங்கள் உட்படப் பலரும் இன்று தயாரிக்கிறார்கள். கிடைக்கும் பிராண்டு மாதந்தோறும் மாறுவதால், ஒரு பிராண்டை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இந்த வகையையே மதிப்பிடுகிறேன்.

எங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் செவலை, சாம்பி என்று இரண்டு பூனைகள் உள்ளன. கருத்தடை செய்யப்பட்ட கடுவனான செவலை, கிண்ணத்தில் விழும் ட்ரை ஃபுட்டை மெல்லாமல் விழுங்கிவிட்டு, சில வேளைகளில் அதை உருண்டை உருண்டையாகவே கக்கிவிட்டு, உடனே சாம்பியின் கிண்ணத்தை நோக்கி நடக்கும். சாம்பியோ நான்கு உருண்டைகளைத் தின்றுவிட்டு ஜன்னலுக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து வந்து இன்னும் நான்கு. பார்ப்பவர்கள் சாம்பிக்குத்தான் ஏதோ கோளாறு என்பார்கள். உண்மையில், நாள் முழுக்கப் பத்துக்கும் மேற்பட்ட சிறு வேளைகளாகத் தின்பதே எலி பிடித்து வாழும் இனத்தின் இயல்பு. கவலைக்குரிய பழக்கம் செவலையுடையதுதான்.

சாஷேயைக் கிழிக்கும் ஓசைக்கு இரண்டும் ஓடிவரும் என்றாலும், தின்னும் விதம் முற்றிலும் வேறு. சாம்பி தலையைச் சாய்த்து, நாக்கின் நுனியால் விளிம்பை மட்டும் தொட்டுத் தொட்டு நக்கும். பாதி தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டு முன்னங்காலை நனைத்து முகம் துடைக்கத் தொடங்கிவிடும். செவலை கூழை விட்டுவிட்டு உறையையே கடைவாயில் கவ்வி இழுக்கும். பிளாஸ்டிக் துண்டு குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும் என்பதால், செவலை போன்ற பூனைக்கு இதைக் கையில் பிடித்துக் கொடுக்கவே கூடாது. தட்டையான தட்டில் மெல்லியதாகத் தடவி வைத்தால் வேகமும் குறையும், உறையும் தப்பும். பாக்கெட்டின் மேல் எவரோ ஒருவர் சிரித்தபடி நேராக ஊட்டும் படத்தை அச்சிடுபவர்கள் இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நான் இதை வாங்குவதற்கு முதற்காரணம் சாம்பிதான். "பசிச்சா தானே திங்குமுங்க, விட்டுருங்க" என்று கடைக்காரரே சொன்னார். நாய்க்கு வேண்டுமானால் இது ஓரளவு பொருந்தும். பூனை சில நாட்கள் தொடர்ந்து தின்னாமல் இருந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். எனவே, மழைக்காலத்திலோ வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும்போதோ சாம்பி கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்காமல் போனால், ட்ரை ஃபுட்டின் மேல் ஒரு கோடு கிரீமை இழுத்து விடுகிறேன்; பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கிறது. குடற்புழு மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கவும் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கூழின் பெரும்பகுதி நீர்தான் என்பது, தண்ணீர்க் கிண்ணத்தை அதிகம் நாடாத பூனைக்குச் சேலத்து ஏப்ரல் மாதத்தில் கிடைக்கும் கூடுதல் பயன்.

சுவைகளில் சூரை மீனுக்குத்தான் என் வாக்கு. பூனைகளின் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியே இயங்குவதில்லை. அதற்கான மரபணு செயலிழந்திருப்பதை 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் இறைச்சிச் சாறுக்குரிய உமாமி சுவையை அவை நன்றாக உணரும். சூரை மீனில் அது மிகுதி. சாம்பி கோழிச் சுவையைத் தொடுவதில்லை. செவலைக்கு எந்தச் சுவையும் ஒன்றுதான்.

செவலைக்கு மொறுமொறுப்பான ட்ரீட் பிஸ்கட்டையே பரிந்துரைப்பேன், அதையும் கிண்ணத்தில் போடாமல். கூடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எறிந்தால் ஓடித் தேடித் தின்னும். சற்றுப் பருத்த பூனைக்கு அதுவே உடற்பயிற்சி. எண்ணிக்கையில் மட்டும் கை இறுக வேண்டும். நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும், ட்ரீட் அதில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது விதி. ஒரு பிஸ்கட் சுமார் 2 கிலோகலோரி என்றால், பத்தோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும். கைப்பிடியாக அள்ளிப் போடுபவர்கள் அந்தக் கணக்கை ஒரே வேளையில் தாண்டிவிடுகிறார்கள். நான் வாங்கும் கிரீம் சாஷே ஒன்றில் பத்துக்கும் குறைவான கிலோகலோரிதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கிரீம் தெளிவாக முன்னிற்கிறது.

குறைகளும் உண்டு. ஒரு சாஷேயின் விலை கிட்டத்தட்ட ஒரு தட்டுவடை செட்டின் விலை. இரண்டு பூனைகளுக்குத் தினமும் கொடுத்தால் மாதக் கடைசியில் உறைக்கும். சாம்பி மீதம் வைக்கும் பாதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் சில்லென்று இருப்பதால் மறுநாள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். உறையின் வாயைக் கிளிப்பால் அடைத்து வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தி, மணம் எழுந்த பிறகு கொடுத்தால் தின்னும். வெளியே வைத்தால் எறும்பு மொய்க்கும், கோடையில் கெட்டும் போகும். மேலும், இந்த வகைகளில் பல துணை உணவுகளே. ஒரு பூனைக்கு வேண்டிய டாரின் முதலிய சத்துகள் எல்லாவற்றையும் இவை தருவதில்லை. டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை பலவீனமடையும் என்பது 1987இலேயே நிறுவப்பட்ட செய்தி. அடம்பிடிக்கிறதே என்று சாம்பி போன்ற பூனைக்கு மூன்று வேளையும் கிரீமையே கொடுத்துவிடக் கூடாது.

சில கடைகளில் சாஷேயைத் தனித்தனியாகவும் தருகிறார்கள். முதன்முறை வாங்குபவர்கள் சூரையில் ஒன்றும் கோழியில் ஒன்றும் மட்டும் வாங்கிப் பார்க்கலாம். காலாவதித் தேதி பல சமயங்களில் வெளி அட்டையில் மட்டுமே இருப்பதால் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.