நாணயக் குறைகளைப் பார்க்க யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்: வாங்கலாம், ஆனால் அதன் விளக்கை நம்ப வேண்டாம்

எரர் காயின், அதாவது தயாரிப்பிலேயே பிழையோடு வெளிவந்த நாணயம், கையில் கிடைத்தால் அந்தக் குறை அச்சில் (உருவத்தைப் பதிக்கும் உலோக முத்திரை) வந்ததா, வில்லையில் (உருவம் பதியாத வெறும் உலோக வட்டு) வந்ததா, வில்லையை அச்சால் அடிக்கும்போது வந்ததா என்று பார்த்துவிடவேண்டும் எனக்கு. அதற்காகத்தான் இந்த யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பை வாங்கினேன். படம் பிடிக்க நன்றாக இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்க இதை மட்டும் நம்பினால் ஏமாற்றிவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் 1000 மடங்கைக் கண்டுகொள்ளாதீர்கள், அது திரையில் இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு. நாணயத்துக்கு 10 முதல் 40 மடங்கு தாராளம். அதற்கு மேல் போனால் எந்த எழுத்தைப் பார்க்கிறோம் என்பதே தெரியாது.

பெரிய குறை விளக்குதான். லென்ஸைச் சுற்றி வட்டமாக இருக்கும் எல்இடி நேர் மேலிருந்து அடிப்பதால் நிழலே விழாது, மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒரு கோட்டைப் பார்த்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அது மேடா பள்ளமா என்பதுதானே! அச்சில் விரிசல் விட்டிருந்தால் அடிக்கும்போது உலோகம் அதற்குள் புகுந்து நாணயத்தில் மேடான கோடாக வரும். பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னால் விழுந்த கீறல். எல்இடியை அணைத்துவிட்டு ஒரு மேஜை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, நாணயத்தை மெல்லத் திருப்பிப் பாருங்கள், நிழல் விழும் பக்கத்தை வைத்தே புரிந்துவிடும்.

இரட்டை எழுத்து விஷயத்திலும் இதே கதைதான். அச்சு தளர்ந்து, அடித்த கையோடு லேசாக நகர்ந்தால் எழுத்தின் ஓரம் நசுங்கி, தட்டையான ஒரு படிபோல நிற்கும், எழுத்தும் மெலிந்துபோகும். அச்சைச் செய்யும்போதே உருவம் இருமுறை பதிந்திருந்தால் இரண்டு உருவமும் உருண்டு எழுந்து நிற்கும், எழுத்து தடிக்கும், மூலைகளில் பிளவு தெரியும். சேகரிப்பவர்கள் தேடுவது இந்த இரண்டாவது வகையை. 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட்டில் இது வெறும் கண்ணுக்கே தெரியும், மற்ற பலவற்றில் பக்கவாட்டு வெளிச்சம் இல்லாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கருவி உண்மையிலேயே உதவுவது எழுத்து காணாமல் போன நாணயங்களில். அச்சின் குழியில் கிரீஸ் அடைத்து எழுத்து விழாமல் போயிருந்தால் அந்த இடத்தின் பரப்பு சுற்றியிருப்பதைப் போலவே இயல்பாக இருக்கும். யாராவது தேய்த்து எடுத்திருந்தால் ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள் திரையில் பளிச்சென்று தெரியும். இதற்காகவே இதை வைத்திருக்கிறேன்.

விளிம்பு வெட்டுப்பட்ட நாணயத்துக்கு இது உதவாது. வில்லையே வெட்டுப்பட்டு வந்திருந்தால், வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும், அதைப் பார்க்க முழு நாணயமும் ஒரே பார்வையில் வேண்டும். அங்கே 10 மடங்கு கைலென்ஸ்தான் சரி. அப்புறம் 0.01 கிராம் காட்டும் தராசும் அவசியம்: 1982இல் அமெரிக்க சென்ட் 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமுக்கு மாறியது, எந்த உலோக வில்லை என்பதை எந்த லென்ஸையும் விட எடை தெளிவாகச் சொல்லும்.

ஸ்டாண்ட் ஆடுகிறது, மேஜையில் கை பட்டாலே படம் கலங்கும். 5க்கு 3 நட்சத்திரம். முதலில் கைலென்ஸும் தராசும் வாங்குங்கள், பிறகு இது. வாங்கும்போது எல்இடியை முழுவதுமாக அணைக்க முடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் குறைக்கத்தான் முடியும், அவை வேண்டாம்.