பொலித்தீன் உறையைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

திருகோணமலைக் கடைத்தெருவில் விடுமுறைக் காலத்தில் முளைக்கும் புத்தகக் கொட்டகைகளில் பிள்ளைகளுக்கு நாவல் வாங்குகிறவர்கள் கவனமாக இருங்கள். 1782இல் நம் துறைமுகத்தில் நடக்கும் ஒரு சாகசக் காதல் கதையைத் தங்கை மகளுக்காக அங்கே வாங்கினேன். 112ஆம் பக்கம் முடிந்ததும் 97 மறுபடி தொடங்குகிறது. அதுவும் 112 வரை ஓடி, நேரே 129க்குத் தாவுகிறது. அச்சுக்காரர்கள் ஒரு பாரம் என்று சொல்லும் 16 பக்கங்கள் முழுதாக இல்லை. பதிப்பகத்தின் முகவரி இல்லை, ஐ.எஸ்.பி.என். எண்ணும் இல்லை. கள்ளப்பதிப்பு.

கதை நன்றாக இருப்பதால்தான் இவ்வளவு கோபம். அந்த ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பறித்துக்கொண்டார். இந்த நெருக்கடிக்குள் ஒரு மீனவப் பெண் கொட்டியாரக் குடாவை இரவில் தோணியில் கடக்கும் அத்தியாயம் அபாரம். குறையும் உண்டு. கோணேசர் மலையில் கோபுரம் தெரிவதாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டைக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைய ஆலயத்தின் கும்பாபிஷேகம் 1963இல். கதையில் வரும் பிரெட்ரிக் என்ற பெயரும் கோட்டைக்கு 1803இல்தான் வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் வாசிக்கப்போகும் கதையில் இவற்றைச் சரிபார்த்திருக்க வேண்டாமா?

காதலைப் பற்றித்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 112ஆம் பக்கத்தில் ஒருவரையொருவர் நம்பாத இருவரும் 129இல் கைகோத்து நிற்கிறார்கள். செப்டம்பர் 3ஆம் திகதிக் கடற்போரும் அதற்குள் முடிந்துவிட்டது. சுஃப்ரேனின் கப்பல் நடுப்பாய்மரத்தை இழந்த அந்தப் போரை வாசிக்கத்தான் காத்திருந்தேன். அவசரப்பட்டது எழுத்தாளரா, பக்கங்களை விழுங்கிய அச்சகமா? அவருக்கு ஒரு சதமும் போய்ச் சேராத பிரதியை வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மாற்றித் தரக் கேட்டபோது, "உறை பிரித்த புத்தகத்தைத் திருப்பி எடுக்கமாட்டோம், அக்கா" என்றார் கடைக்காரர். பிரிக்காமல் பக்கம் இல்லை என்பது எப்படித் தெரியும்? அவர் தந்த துண்டுச் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை.

ஆகவே, கடைக்காரரின் கண்முன்னே உறையைப் பிரித்துப் பக்க எண்களைக் கடைசிவரை புரட்டிப் பாருங்கள். கடையின் பெயரும் திகதியும் உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். நான் முறையிட்டுவிட்டேன்.