ஹோம்ஸின் தொப்பியும் கொலம்போவின் மழைக்கோட்டும்

கதைத் துப்பறிவாளர்களின் உடைகளில் எது சிறந்தது, ஹோம்ஸின் தொப்பியா, கொலம்போவின் மழைக்கோட்டா? துப்பறிவாளர் என்றதும் நினைவுக்கு வரும் ‘டீர்ஸ்டாக்கர்’ தொப்பியை, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் தம் கதைகளில் எங்கும் அந்தப் பெயரால் குறிப்பிடவில்லை. தலையோடு ஒட்டிய துணித் தொப்பி என்று மட்டும் அவர் எழுதியதை, முன்னும் பின்னும் விளிம்பு நீண்ட வேட்டைத் தொப்பியாக 1891இல் ஸ்ட்ராண்ட் இதழில் வரைந்தவர் ஓவியர் சிட்னி பாஜெட். அவரும் அதை நாட்டுப்புறப் பயணங்களுக்கே அணிவித்தார். லண்டன் தெருக்களில் அவருடைய ஹோம்ஸ் பெரும்பாலும் அக்காலக் கனவான்களைப் போல உயரமான பட்டுத் தொப்பியுடன் நடப்பார். இடமறிந்து உடுத்தும் இந்த நுட்பத்தைப் பிற்கால மேடையும் திரையும் கைவிட்டு, ஒரே தொப்பியை எங்கும் சூட்டியதை நான் இழப்பாகவே கருதுகிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் துப்பறியும் காவல் அதிகாரி கொலம்போ அணிந்த கசங்கிய மழைக்கோட்டு, நடிகர் பீட்டர் ஃபாக் தம் சொந்த உடைகளிலிருந்து எடுத்துவந்தது. வெயில் மிகுந்த லாஸ் ஏஞ்சலஸில் அதைக் கழற்றாமல் திரியும் அந்த அதிகாரியைச் செல்வந்தக் கொலையாளிகள் அலட்சியமாக எடைபோடுகிறார்கள். அந்த அலட்சியத்தாலேயே அவரிடம் தேவைக்கு மேல் பேசிச் சிக்கிக்கொள்கிறார்கள். ஹோம்ஸின் தொப்பி அவரை அடையாளம் காட்டுகிறது. கொலம்போவின் கோட்டோ அவருடைய கூர்மையை மறைத்து விசாரணையிலேயே பங்கெடுக்கிறது. கதைக்குள் அதிகம் உழைப்பது அந்தக் கோட்டுதான் என்பதால், என் தேர்வும் அதுவே.